எட்டெழுத்தும் இலவச இணையமும்

அறிவைப் பிறருக்குக் கொடுப்பது தானமா, கடனா? வைணவ உலகில் இன்றும் வழங்கும் திருக்கோட்டியூர்க் கதை இதற்கு ஒரு பதில் சொல்கிறது. குருவிடம் நடையாய் நடந்து பெற்ற எட்டெழுத்து மந்திரத்தை, வெளியே சொன்னால் நரகம் என்ற எச்சரிக்கையையும் மீறி, கோயில் மேலேறி ஊரறியச் சொன்னாராம் ராமானுஜர். குருபரம்பரை நூல்களில் கதையின் வடிவங்கள் மாறுகின்றன. வரலாறாக இதை அப்படியே ஏற்க முடியாது. ஆனாலும் தமிழ் மனம் இதை விடாமல் பிடித்துவைத்திருக்கிறது. காரணம், அவர் கேட்டவரின் தகுதியைப் பார்க்கவில்லை. மூன்றெழுத்தை இலவசமாகக் கொடுத்து மீதி ஐந்துக்குக் கட்டணமும் வைக்கவில்லை.

2015இல் ஃபேஸ்புக் இந்தியாவுக்குக் கொண்டுவந்து, பின்னர் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்று பெயர் மாற்றிய திட்டம் செய்தது அதைத்தான். டேட்டாவுக்குக் காசு வேண்டாம். ஆனால் திட்டத்தில் சேர்ந்த தளங்களை மட்டுமே பார்க்கலாம். எதிர்ப்பு எழுந்ததும் மார்க் ஸக்கர்பெர்க் நூலகத்தைத் துணைக்கு அழைத்தார்: எல்லாப் புத்தகமும் இல்லையென்பதற்காக நூலகமே வேண்டாம் என்போமா? ஒன்றுமில்லாததற்குக் கொஞ்சமாவது மேல் என்ற இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் நூலகர் பக்கத்திலேயே புத்தகக் கடை நடத்துவதில்லை. எதைப் பார்க்கலாம் என்று கொடுப்பவரே வரையறுத்து, அதனால் ஆதாயமும் அடைகிறார் என்றால், அதற்கு ஈகை என்று பெயரில்லை; வாடிக்கையாளர் பிடிப்பு. பார்க்கும் தளத்தைப் பொறுத்து டேட்டாவின் விலை மாறக் கூடாது என்று 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி செய்தது; திட்டம் மூட்டை கட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து விலையைச் சரித்தது. அதுவும் தருமமல்ல, வியாபாரம்தான். ஆனால் ஏழைக்குத் துண்டு இணையம்தான் கட்டுப்படியாகும் என்ற கணக்கு ஓராண்டுகூட நிற்கவில்லை.

முதலில் சோறு, பிறகுதானே இணையம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி; ஆனால் காலம் கடந்தது. ரேஷன் கடையில் விரல் வைக்கும் கருவிக்குச் சிக்னல் வராவிட்டால் வரிசை நகராது. கல்லூரிச் சேர்க்கை, உதவித்தொகை, பட்டா, கேஸ் பதிவு எல்லாம் ஒரு கைப்பேசி எண்ணிலும் அதற்கு வரும் ஓடிபியிலும் தொங்குகின்றன. மாதம் என்று பேச்சு, ரீசார்ஜோ பெரும்பாலும் 28 நாளுக்கு. ஆண்டுக்குப் பன்னிரண்டல்ல, பதின்மூன்று முறை பணம் கட்ட வேண்டும். 2024 ஜூலையில் பெரிய தனியார் நிறுவனங்கள் மூன்றும் கட்டணத்தை உயர்த்தின. ஒரு ஜிபி எவ்வளவு மலிவு என்று மார்தட்டுகிறோம். தினக்கூலி வீட்டில், இருக்கும் ஒரே போனை அப்பா வேலைக்கு எடுத்துப்போன பிறகு பிள்ளை எதில் விண்ணப்பிப்பது என்பதை அந்தக் கணக்கு கேட்பதேயில்லை. அரசு தன் வாசலை இணையத்துக்குள் மாற்றிக்கொண்டுவிட்டது. அந்த வாசலுக்குப் போகும் வழியைக் கட்டுப்படியாகும் விலையில் தருவது அதன் கடன். கேரளம் கே-ஃபோன் திட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று அறிவித்தது இந்தப் புரிதலில்தான்; நடைமுறையில் அது மெதுவாக நகர்வது வேறு கதை.

திறந்துவிட்டால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற அச்சம் பொய்யல்ல. ஆனால் அது யார் கையிலிருந்து போனைப் பிடுங்குகிறது என்று பார்க்க வேண்டும். கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் மகளிர் விடுதி, மாலை ஆறு முதல் இரவு பத்து வரை மாணவிகள் போனைத் தொடக் கூடாது என்றது. படிக்கும் நேரமே அதுதான். மறுத்த மாணவி வெளியேற்றப்பட்டார். இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. தீங்கைத் தடுக்க வேறு வழி இருக்கிறது. ஆன்லைன் சூதாட்டம் குடும்பங்களைக் கடனில் தள்ளியபோது தமிழ்நாடு சூதாட்டத்துக்கு எதிராகத்தான் சட்டம் இயற்றியது. யாருடைய டேட்டாவையும் துண்டிக்கவில்லை.