சொல்லிக்கொண்டு போதல்

ஒரு வேலையில் சேரும்போது மனிதனுக்கு யோசனை சொல்ல ஆட்கள் பலர் இருக்கிறார்கள். மனுப் போடுவது எப்படி, நேர்முகத்தில் பேசுவது எப்படி, சம்பளம் எவ்வளவு கேட்பது என்றெல்லாம் சொல்லித்தர உற்றாரும் ஊராரும் முன்வருகிறார்கள். அதே வேலையை விட்டு விலகும்போது மட்டும் அவன் பெரும்பாலும் தனியாகவே நிற்கிறான். எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டால், நியமன உத்தரவை எடுத்துப் பார் என்பார் ஒருவர். புதிய வேலை கைக்கு வரும்வரை மூச்சு விடாதே என்பார் இன்னொருவர். முதலாமவர் சொல்வது சட்டம். இரண்டாமவர் சொல்வது சாமர்த்தியம். இரண்டும் வேண்டியவைதாம். ஆயினும், தான் போன பின் தன் நாற்காலியைச் சுற்றி யார் யார் எவ்வளவு காலம் அல்லலுறுவார்கள் என்ற விசாரம் உள்ளவனுக்கு அவ்விரண்டிலும் விடை கிடைப்பதில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்கும் சுதந்திரமே நம் தொழிலாளிக்கு வெகுகாலம் இருந்ததில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு, ஒப்புக்கொண்ட வேலையைத் தக்க காரணமின்றி விட்டுவிட்ட கைத்தொழிலாளியையோ கூலியாளையோ மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தி, பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது வேலையை முடித்துக் கொடு என்று உத்தரவிடவும், அதற்கும் அவன் பணியாவிட்டால் மூன்று மாதம்வரை சிறையில் வைக்கவும் 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டம் இடங்கொடுத்தது. கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய நகரங்களை முன்னிட்டுப் பிறந்த அந்தச் சட்டம், அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள்வரை கை நீட்டி, 1925-ல் இயற்றப்பட்ட ரத்துச் சட்டத்தால்தான் ஒழிந்தது. இலங்கையின் மலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழருக்கோ, 'துண்டு' என்னும் சீட்டு குறுக்கே நின்றது. தொழிலாளியின் பெயரில் நிற்கும் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவனை விடுவிக்கிறோம் என்று தோட்டத்துத் துரை எழுதித் தரும் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அக்கடனை ஏற்கும் வேறொரு தோட்டத்தைத் தேடி அவன் அலைய வேண்டும். கடன் ஏறினால் ஏறுமே தவிர இறங்காது. 1921-ல் அந்த முறை நிறுத்தப்பட்டது. சொல்லாமல் போகிறவனை நன்றி கெட்டவன் என்று ஏசுகிற முதலாளிகள், சொல்லிவிட்டும் போக முடியாத காலம் ஒன்று இருந்ததை மறவாமல் பேசுவது நலம்.

பிற்காலத்துச் சட்டங்கள் ஓரளவுக்கு இந்தக் கோணலை நிமிர்த்தின. 1946-ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டத்தை ஒட்டி மத்திய சர்க்கார் வகுத்த மாதிரி ஆணைகளில், நிரந்தரத் தொழிலாளி மாதச் சம்பளக்காரனாயின் ஒரு மாதம், மற்றவனாயின் இரண்டு வாரம் என்று முன்னறிவிப்பின் அளவு குறிக்கப்பட்டது. அனுப்புகிறவர் முதலாளியாயினும் விலகுகிறவன் தொழிலாளியாயினும் அளவு ஒன்றே. அத்தனை நாள் சம்பளத்தைக் கொடுத்து அறிவிப்பின்றியே முடித்துக்கொள்ளவும் வழி இருந்தது. பார்வைக்கு இது துலாக்கோல் போல் நேராக இருக்கிறது. ஆனால் நூறு பேர் வேலை செய்யும் ஆலையில் ஒருவன் விலகினால் ஆலைக்கு நேரும் நஷ்டமும், அந்த ஒருவனை ஆலை வெளியேற்றினால் அவன் குடும்பத்துக்கு நேரும் நஷ்டமும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவையா? அல்லவென்று கண்டதனாற்போலும், 1953-ல் தொழில் தகராறுச் சட்டத்தில் புதுப் பிரிவுகளைச் சேர்த்தவர்கள், ஓராண்டு தொடர்ந்து உழைத்தவனை ஆட்குறைப்பில் அனுப்பும் முதலாளி ஒரு மாத அறிவிப்போடு நில்லாமல், பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளத்தையும் ஈடாகத் தர வேண்டும் என்று விதித்தார்கள். விலகிப் போகும் தொழிலாளிமீது அப்படியொரு சுமையை அச்சட்டம் ஏற்றவில்லை. அது பட்சபாதமன்று, பட்டினி எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்துச் செய்த நியாயம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்ற பழமொழியை இங்கே கொண்டுவருகிறவர்கள் உண்டு. சம்பளம் உப்பன்று, உழைப்புக்குக் கொடுத்த விலை. மாதக் கடைசியில் கணக்கு நேரான பிறகு இரு தரப்பிலும் பாக்கி இல்லை. ஒன்றுந்தெரியாமல் வந்த பையனைப் பட்டறையில் சேர்த்துக்கொண்டு, சாப்பாடு போட்டு, கடைசலும் பற்றவைப்பும் கற்றுக்கொடுத்து, நாலு பேர் மதிக்கும் தொழிலாளியாக்கிய ஒரு சிறு பட்டறைக்காரரின் விஷயம் வேறு. அவருக்கு அந்தப் பையன் பட்டிருப்பது மெய்யான கடன். எனினும் அந்தக் கடனையும் இத்தனை நாள் கூடுதலாக நிற்பேன் என்று நாட்கணக்கில் அடைத்துவிட முடியாது. முதற்செய்தி தம் காதுக்கு வெளியாள் மூலமாக வராமல் அவன் வாயாலேயே வரவேண்டும் என்பதுதான் அத்தகைய மனிதர் எதிர்பார்ப்பது. அதைச் செய்ய எந்த ஒப்பந்தமும் தேவையில்லை.

முன்னறிவிப்பு யாருக்குக் கடமைப்பட்டது என்று கேட்டுப் பார்த்தால்தான் அதன் அளவு தெளிவுபடும். தனியார் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவருக்கு ஜனவரி மாதத்தில் அரசுப் பள்ளி நியமன உத்தரவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். குறித்த நாட்களுக்குள் சேராவிட்டால் உத்தரவு போய்விடும். பொதுத்தேர்வுக்கோ இரண்டொரு மாதமே இருக்கிறது. அவரை வைத்திருக்கும் நிர்வாகம், சில தனியார் பள்ளிகளில் நடப்பதுபோல, மே மாதத்துச் சம்பளம் தராதது. ஆண்டு முடிவில் வேண்டாதவர்களை ஒரு வார்த்தையில் அனுப்பிவிடுவது. சேரும்போது வாங்கிய அசல் சான்றிதழ்களை அலமாரியில் பூட்டி வைத்திருப்பது. இத்தகைய நிர்வாகத்துக்கு அவர் எத்தனை நாள் கடமைப்பட்டிருக்கிறார் என்று கேட்டால், நியமன உத்தரவில் எழுதியிருப்பதற்கு மேல் ஒரு நாளும் இல்லை என்றே சொல்லலாம். அதையும் சம்பளத்தைக் கட்டித் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அந்த உத்தரவில் கையெழுத்திட்டவர்கள் அல்லர். நிர்வாகத்தின் அநியாயத்தில் அவர்களுக்குப் பங்கும் இல்லை. நிர்வாகம் செய்த தவற்றைக் காட்டி அவர்களுக்குச் சேரவேண்டியதை மறுப்பது, கடன்காரன்மேலிருந்த கோபத்தை அவன் குழந்தைமேல் காட்டுவதாகும்.

அப்படியானால் அந்த ஆசிரியை அரசு வேலையைத் தியாகம் செய்துவிட்டுத் தேர்வுவரை நிற்க வேண்டுமா? வேண்டியதில்லை. தியாகத்தைப் புகழலாம், கடமை என்று விதிக்க முடியாது. ஏற்றுக்கொள்ளும் இடத்தில் சில நாள் அவகாசம் கேட்டுப் பார்ப்பதும், கிடைத்த நாட்களில் எந்தப் பாடம் முடிந்தது, எந்தப் பாடம் அரைகுறையாய் நிற்கிறது, எந்தப் பிள்ளை வடிவியலில் தடுமாறுகிறான், எவளுக்கு ஐந்து மதிப்பெண் கூடினால் தேறிவிடுவாள் என்பதையெல்லாம் எழுதி அடுத்து வருபவர் கையில் ஒப்படைப்பதும், விருப்பமுள்ள பிள்ளைகள் சந்தேகம் கேட்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் ஒதுக்குவதும் அவரால் இயலும். பத்து நாளில் இவற்றைச் செய்துவிட்டுப் போகிறவர், மூன்று மாதம் மனம் வேறிடத்தில் இருக்க வகுப்பில் நாற்காலியைத் தேய்த்துவிட்டுப் போகிறவரைக் காட்டிலும் அதிக அவகாசம் கொடுத்தவரே. பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அவரைத் தடுக்கும் நிர்வாகமோ, அவர்களைப் பிணையாக வைத்துப் பேரம் பேசுகிறது. அதற்கு இணங்க வேண்டியதில்லை.

முன்கூட்டியே தெரிந்ததை முன்கூட்டியே சொல்லியாக வேண்டுமா என்பது இதைவிடக் கடினமான வினா. மனைவிக்கு வேறூர் மாற்றம்; ஆறு மாதத்தில் குடிபெயர வேண்டியிருக்கும் என்று இன்றே ஒருவனுக்குத் தெரியும். இன்றே சொன்னால் முதலாளிக்கு நல்லது. உடன் உழைப்போருக்கும் நல்லது. ஆனால், போகப்போகிறேன் என்று வாய் திறந்தவனை அன்று மாலையே கணக்கு முடித்து அனுப்புகிற இடங்களும், போகிறவன்தானே என்று தீபாவளிப் போனஸையும் ஆண்டு உயர்வையும் பிடித்துக்கொள்கிற இடங்களும் நம்மிடையே எத்தனையோ. அத்தகைய இடத்தில் ஆறு மாதம் முன்னதாக உண்மையைச் சொல்லும்படி ஒருவனை நிர்ப்பந்திப்பது, அவன் வீட்டு அடுப்பைப் பணயம் வைத்து நம் நேர்மை ஆசையைத் தீர்த்துக்கொள்வதேயாகும். மௌனம் இங்கே குற்றமாகாது.

பொய் மட்டும் குற்றமே. இந்த எல்லையைக் கவனமாகக் காக்க வேண்டியிருக்கிறது. அடுத்த ஆண்டுக் கணக்கை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மேலாளர் கேட்கும்போது, மார்ச்சில் போய்விடுவோம் என்று தெரிந்திருந்தும் ஆகட்டும் என்று தலையாட்டுகிறவன், மௌனத்திலிருந்து பொய்க்குள் காலெடுத்து வைக்கிறான். அவன் சொல்லை நம்பி வேறொருவரைத் தேடாமல் விட்ட நஷ்டம் அவனைச் சேரும். சிறிய உணவகங்களில் ஒவ்வொரு பண்டிகைக்கும் நடக்கும் காட்சி ஒன்றுண்டு. முன்பணமும் போனஸும் வாங்கிக்கொண்டு, ஊருக்குப் போய் நாலு நாளில் வந்துவிடுகிறேன் என்று பையைத் தூக்கிய பரோட்டா மாஸ்டர் அப்புறம் வருவதே இல்லை, கைபேசியும் எடுக்கப்படுவதில்லை. மாதச் சம்பளத்தில் கழிக்கப்படும் முன்பணமே அந்தத் தொழிலில் ஆளைக் கட்டிவைக்கும் கயிறாக இருப்பதால், அறுத்துக்கொண்டு ஓடுவதைத் தவிர வேறு வழி தெரியாமல் ஓடுகிறார்கள் என்ற சமாதானத்தில் உண்மை உண்டு. ஆயினும் அன்று இரவு இரண்டு பேர் வேலையைத் தனி ஆளாகக் கல்லின் முன் நின்று செய்கிறவன் கடை முதலாளி அல்லன்; அந்த மாஸ்டரோடு ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்த உதவியாள்.

நீண்ட அவகாசம் கேட்பதே நேர்மையை வளர்க்கும் என்று எண்ணுகிறவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள மென்பொருள் கம்பெனிகளைப் பார்க்கலாம். 90 நாள் நோட்டீஸ் அங்கே பல இடங்களில் சாதாரணம். புதிதாக ஆளெடுக்கும் கம்பெனியோ உடனே சேரக்கூடியவர்தாம் வேண்டும் என்கிறது. ஆகவே, பேப்பர் போட்டவன் அந்த மூன்று மாதத்தில் மேலும் இரண்டு இடங்களில் நேர்முகம் கண்டு, அதிகம் தருகிறவரிடம் சேர்ந்து, முதலில் வாக்குக் கொடுத்த கம்பெனியைச் சேரும் நாள் காலையில் கைவிடுகிறான். ஆள் ஓடிப்போகாமலிருக்க இட்ட வேலியே ஆளை வாக்குத் தவறச் செய்கிறது. ரிலீவிங் லெட்டர் என்னும் கடிதத்தைக் காட்டிப் பயமுறுத்தி இந்த 90 நாளையும் வாங்குகிற அதே ஸ்தாபனம், தனக்கு ஆள் வேண்டாதபோது சம்பளத்தைக் கணக்கில் போட்டுவிட்டு நுழைவு அட்டையை அன்றே வாங்கிக்கொள்கிறது. பணம் கொடுத்து நாட்களைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை நாம் குறை சொல்லவில்லை. கம்பெனியின் நஷ்டத்துக்கு அது சரியான ஈடுதான். ஆனால் அந்தப் பணம் கம்பெனியின் கணக்குக்குப் போகிறது. அவன் விட்டுச்சென்ற வேலையை இரவு கண்விழித்துச் செய்யும் பக்கத்து மேஜைக்காரனுக்கு அதில் காலணாவும் வருவதில்லை. பணம் கட்டியதோடு கடமை தீர்ந்தது என்று நினைப்பவன், கடனை ஆள் மாறிக் கட்டியவன்.

இவ்வளவு கூறியதனால் எந்த நிலையிலும் அவகாசம் கொடுத்தே தீரவேண்டும் என்று பொருள் கொள்ளலாகாது. மாதக்கணக்கில் சம்பளம் நின்றுபோன இடத்திலும், உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்து நேர்ந்த இடத்திலும், பெண்ணொருத்தி மேலதிகாரியின் கண்ணுக்கு அஞ்சி நடுங்கும் இடத்திலும் ஒரு மணி நேர அவகாசமும் கடமையன்று. எழுந்து போவதே முறை.

மற்றபடி, சாதாரண உத்தியோகத்துக்கு ஒரு மாதம் போதும் என்பதே நம் முடிவு. வேலை இன்னொருவர் கைக்கு ஒழுங்காக மாற எத்தனை நாள் பிடிக்குமோ அத்தனை நாளே நியாயமான அவகாசம். மிகப் பெரும்பாலான வேலைகள் மனமிருந்தால் ஒரு மாதத்தில் கைமாறிவிடும். அதற்குமேல் கேட்கிற முதலாளி, அதே எண்ணைத் தன் பக்கத்துக்கும் எழுதி, கடைசி நாளன்றே கணக்கையும் கடிதத்தையும் கொடுத்துவிடுவாரானால் கேட்கட்டும்.

எழுத்தில் ஒன்றுமே இல்லாத ஓர் இடம் மிஞ்சுகிறது. ஆறு மாதம் வேலை செய்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத அறிவிப்பும் அல்லது அதற்கீடான சம்பளமும் இன்றி நிறுத்தலாகாது என்று 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் சென்னை மாகாணத்துக் கடைக்காரருக்கு விதித்தது. இன்றைய தமிழ்நாட்டிலும் அந்த விதி நடக்கிறது. ஆனால் வீடுகள் அதில் சேரவில்லை. பாத்திரம் துலக்க வரும் அம்மாள் ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிட்டால் தெரு முழுவதும் புகார் சொல்கிற நாம், அவரிடம் நாளை முதல் வரவேண்டாம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அடுத்த முறை அப்படிச் சொல்ல நேரும்போது, ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.