சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம்

புலாவ் செபாங் ரயில் நிலையத்தின் பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன, நடுவில் ஒரு சாய்கோடு: புலாவ் செபாங்/தம்பின். நிலையம் நிற்கும் மண் மலாக்கா. கொஞ்ச தூரம் போனால் நெகிரி செம்பிலான். முன்பு அதை வெறும் தம்பின் நிலையம் என்றுதான் சொன்னார்கள். ஊர்க்காரர்கள் அந்தப் பெயரை விட்டுவிடவில்லை, அரசாங்கம் மண்ணின் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. சாய்கோடு வந்து சமாதானம் செய்துவைத்தது.

நான் வளர்ந்தது மலாக்கா பக்கம், பிறந்தது தம்பின் மருத்துவமனையில். அதனால் என் ஐசி எண்ணின் நடுவில் மலாக்காவுக்குரிய 04 இல்லை, 05 இருக்கிறது. இதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் பதிவேடு சொல்வதும் ஆள் சொல்வதும் வேறாக இருக்கலாம் என்பது சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் அதே தவற்றைப் பிற்பாடு நானே செய்தேன். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

இணையச் செயலிகள் எழுதுவது என் தொழில். பெரிய நிறுவனங்களில் ஊழியர் விவரங்களை டைரக்டரி என்ற ஒரே இடத்தில் வைத்திருப்பார்கள். லீவு, சம்பளச் சீட்டு, கருவிகள் கடன் வாங்குவது என்று எத்தனை செயலிகள் இருந்தாலும் லாகின் செய்யும்போது எல்லாம் அந்த ஒரே இடத்தைத்தான் கேட்கும். 'இந்தப் பெயரும் இந்தக் கடவுச்சொல்லும் சரியா?' சரி என்றால் ஆளை உள்ளே விடலாம். கேட்கும் முறைக்கு எல்டேப் என்று பெயர். பதில் வந்ததும் செயலி தனக்குள்ளே அந்த ஆளுக்கு ஓர் உரு செய்துகொள்கிறது: பெயர், பிரிவு, என்னென்ன செய்யலாம் என்ற உரிமைகள். டைரக்டரியில் இருப்பது ஆளைப் பற்றிய குறிப்பு. என் செயலியில் இருப்பது அந்தக் குறிப்பின் நகல். ஆள் எங்கோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தக் குறிப்பில் ஒருவரை 'மனிதர்' என்று பதிய இரண்டு விவரங்கள் கட்டாயம். ஒன்று வழங்கும் பெயர், மற்றது 'எஸ்என்' எனப்படும் குடும்பப் பெயர். இது 1988இல் வந்த எக்ஸ்.500 தரத்திலிருந்து எல்டேப்புக்கு வந்த விதி, 2006இல் திருத்தி எழுதியபோதும் மாறவில்லை. குடும்பப் பெயர் இல்லாதவரை ஓப்பன்எல்டேப் மனிதராக ஏற்றுக்கொள்ளாது. வெற்றிடமும் விட முடியாது, ஓர் எழுத்தாவது வேண்டும்.

நமக்கு ஏது குடும்பப் பெயர்? நமக்கு இருப்பது ஏ/எல், ஏ/பி. அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான். சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது அப்பா. அது நம் பெயரில்லை, நாம் யாருடைய பிள்ளை என்ற தகவல்.

ஊழியர் பட்டியலை டைரக்டரிக்குள் ஏற்றும் நிரலை எழுதியது நான்தான். கடைசிச் சொல்லை எடுத்துக் குடும்பப் பெயரில் போடு என்று இரண்டே வரி. சாய்கோடு தொல்லை கொடுக்கும் என்று அதையும் நீக்கினேன், ஏ/பி என்பது ஏபி ஆனது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் அதை நடுப்பெயர் என்று நினைத்து, "உங்கள் ஊரில் இவ்வளவு பெண்களுக்கு ஒரே நடுப்பெயரா?" என்று கேட்டார். சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

கணக்குப் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். அவர் அப்பா பெயர் முத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் கேண்டீனில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, எங்கப்பா செத்து பதினாறு வருசமாச்சி. தெனம் காலைல கம்ப்யூட்டர தொறந்தா 'வெல்கம், மிஸ் முத்து'ங்குது. நான் என்ன அவர் பொண்டாட்டியா?"

"டைரக்டரில அப்படித்தான்க்கா இருக்கு" என்றேன்.

"டைரக்டரி யார் செஞ்சது?"

நான் பதில் சொல்லவில்லை. நிரல் எழுதுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் பொய்யை நானும் சொல்லியிருந்தேன். தரவு அப்படி இருக்கிறது, நான் காட்ட மட்டும் செய்கிறேன் என்பது அந்தப் பொய். விதி கேட்டது ஓர் எழுத்து. அந்த இடத்தில் அப்பாவை உட்கார வைத்ததும், அங்கிருந்து எடுத்து வணக்கம் சொல்ல வைத்ததும் நான் செய்த தேர்வுகள். இதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. ஆவணத்தில் தகப்பன் பெயர் இல்லாத ஓர் இளைஞருக்கு எஸ்என் இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தேன். 'வெல்கம், மிஸ்டர் -' என்று தினமும் அவருக்கு வந்துகொண்டிருந்தது. அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

எங்கள் குடும்பத்துக்கு இது புதிதில்லை. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் கிராணி செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். கூப்பிட்ட பெயருக்குக் குரல் கொடுத்தால்தான் அன்றைய கூலி. கிராணி தப்பாக எழுதியிருந்தால் அந்தத் தப்புக்கே குரல் கொடுக்க வேண்டும். என் தாத்தாவும் அவர் தம்பியும் வேறு வேறு தோட்டங்களில் இருந்தார்கள். அவர்களுடைய அப்பா பெயரை ஒரு கிராணி ஒருவிதமாகவும் இன்னொருவர் வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதிவைத்தார்கள். 1948இல் அவசரகாலத்தோடு அடையாள அட்டை வந்தபோது செக்ரோலில் இருந்த எழுத்தே அட்டைக்கும் போனது என்று பாட்டி சொல்வார். உடன்பிறந்தவர்களுக்கு ஆளுக்கொரு தகப்பன். பிற்பாடு ஒரு பணத்தைக் கேட்கப் போனபோது, இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. கிராணியை யாரும் சத்தியம் செய்யச் சொல்லவில்லை.

செக்ரோலையே எரித்துவிடலாமே என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். எங்கள் நிலையத்திலிருந்து மலாக்காவுக்கு ஒரு கிளைப்பாதை இருந்தது. ஜப்பானியர் அதைப் பெயர்த்து, தண்டவாளங்களைச் சயாம் மரண ரயில்வேக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளத்தைப் போலவே தோட்டங்களிலிருந்து ஆட்களையும் கொண்டுபோனார்கள். காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாகப் பெயரோடு இருக்கின்றன. அதே பாதையில் செத்த தமிழர்களுக்கு அப்படி வரிசை இல்லை. படைகளுக்கு ஆள் பட்டியல் இருந்தது. தப்பாக எழுதப்படுவது ஓர் அவமானம் என்றால் எழுதப்படாமலே போவது வேறு வகை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அக்கா விஷயத்தைச் சரிசெய்வது சுலபமாகத்தான் இருந்தது. எப்படி அழைக்க வேண்டும் என்று ஒரு தனிக் கட்டம் வைத்தேன். அதைச் செய்யும்போதுதான் அடியில் இருந்த பெரிய ஓட்டை தெரிந்தது. என் செயலி ஒருவரை 'அதே ஆள்' என்று எதை வைத்து முடிவு செய்கிறது? யூசர்நேமை வைத்து. ஒருவர் வேலையை விட்டுப் போய், அதே பெயரில் வேறொருவர் சேர்ந்து, பழைய யூசர்நேம் அவருக்குக் கொடுக்கப்பட்டால்? அப்படியே நடந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் முதல்முறை உள்ளே போனபோது, முன்பு அதே பெயரில் இருந்தவரின் மருத்துவ விடுப்புக் குறிப்புகள் அத்தனையும் அவர் முன் விரிந்தன. டைரக்டரி பொய் சொல்லவில்லை, கடவுச்சொல்லும் சரி. 'சரி' என்ற பதில் யாரைப் பற்றியது என்பதை நான்தான் கேட்கவில்லை. அந்தக் குறிப்புகளில் இருந்த நோய், ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது என்று அந்தப் பெண் நினைத்திருந்த நோய். அவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னேன். பார்க்கலாம் என்றார்கள்.

இதற்கு மருந்து தெரிந்த ஒன்றுதான். டைரக்டரி ஒவ்வொரு பதிவுக்கும் தானாக ஒரு நீண்ட எண் கொடுக்கிறது. எல்டேப்பில் அது என்ட்ரி-யுயுஐடி, ஆக்டிவ் டைரக்டரியில் ஆப்ஜெக்ட்-ஜியுஐடி. பெயர் மாறினாலும் பிரிவு மாறினாலும் எண் மாறாது. அதை வைத்து ஆளை அடையாளம் கண்டிருக்க வேண்டும். நான் படிக்கச் சுலபமாக இருந்ததை வைத்துக்கொண்டேன்.

"அப்ப எல்லாருக்கும் நம்பர் போட்டுற வேண்டியதுதானே? எதுக்குப் பேரு?" என்று நண்பர் கேட்டார். தோட்டத்திலும் நம்பர் இருந்தது என்றேன். எண்ணால் கூப்பிட்டால் யாருக்கும் தப்பான தகப்பன் அமையாது, உண்மைதான். ஆனால் அந்த எண் இயந்திரம் தனக்குள் ஞாபகம் வைத்துக்கொள்ள மட்டும். திரையில் ஆளைப் பார்த்துப் பேசும்போது, தன்னை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதை அந்த ஆள்தான் சொல்ல வேண்டும். நான் எழுதிய நிரல் இரண்டு வேலையையும் ஒரே சொல்லிடம் கொடுத்திருந்தது, கிராணியின் நோட்டுப் புத்தகத்தைப் போலவே.

ஒருவர் வேலையை விட்டால் அவர் நகலை என்ன செய்வது என்பதில் இன்னும் எனக்குத் தெளிவில்லை. உரிமைகளை ஒவ்வொரு முறையும் டைரக்டரியிடம் கேட்டுக்கொள்ளலாம், நகல் வேண்டாம். அவர் ஒப்புதல் கொடுத்த பழைய கணக்குகளில் அவர் பெயர் நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் பிற்பாடு பொறுப்பு யாருக்கு என்று தெரியாது. ஆனால் அவருடைய நோயை நான் ஏன் இன்னும் வைத்திருக்கிறேன்? சட்டம் ஒரு கெடு சொல்லும், மனசு வேறு சொல்கிறது.

புதிய கட்டத்தை வைத்த வாரத்தில் யார் யார் என்ன எழுதுகிறார்கள் என்று ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா தன் பெயரை மட்டும் எழுதினார். கோடு வாங்கிய இளைஞர் வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரை எழுதியிருந்தார். சேமிப்புக் கிடங்கில் இருந்த ஒரு பெரியவர் மட்டும் தன் அப்பா பெயரையே முழுசாக எழுதியிருந்தார். தப்பாகப் புரிந்துகொண்டார் போல என்று கீழே போய்க் கேட்டேன்.

"தெரிஞ்சிதான் போட்டேன் தம்பி" என்றார். "தோட்டத்துல பெரட்டுக்கு அப்பாகூட போவேன். அவர் பேர கூப்பிடறத கேட்டு எத்தன வருசமாச்சி."