எதுவரை அது அவன் சரீரம்?

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையைத் தாண்டி மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் சில மைல் சென்றால் ஸ்ரீ ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் வரும். அந்தச் சாலையிலும், அதிலிருந்து ஒரகடத்திற்குப் பிரியும் சாலையிலும், ஷிப்டு முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் இளைஞன் ஒருவன் தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரி சேர்வதும், இரண்டொரு நாளில் வைத்தியர்கள் பெற்றவர்களை அழைத்து மூளைச்சாவு என்று தணிந்த குரலில் சொல்வதும் இப்பக்கத்து ஜனங்கள் கேள்விப்படாத செய்தியல்ல. அப்போது தாய் கேட்பாள்: “நெஞ்சு அடிச்சுக்கிட்டுத்தானே இருக்கு டாக்டர், உடம்பு சூடாத்தானே இருக்கு, எப்படிப் போயிட்டான்னு சொல்றீங்க?”

இக்கேள்வியை அறியாமையென்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. ஆத்மாவை ஹிருதய குகையில் வைத்துப் பேசிய உபநிஷதங்களும், மனத்திற்கே நெஞ்சு என்று பெயரிட்ட நம் பாஷையும் அவள் பக்கம் நிற்கின்றன. வைத்திய சாஸ்திரமும் நெடுங்காலம் அவள் பக்கமே நின்றது. பாரிஸ் நகரத்து வைத்தியர் இருவர் 1959-லும், ஹார்வர்டு சர்வகலாசாலையின் குழுவொன்று 1968-லும் மீளாத மயக்கநிலையைப் பற்றி எழுதிய பிறகே அது மெல்ல வேறு பக்கம் திரும்பிற்று.

அது திரும்பி நோக்கிய இடம் கட்டைவிரல் அளவேயான மூளைத்தண்டு. நடுமூளை, பான்ஸ், முகுளம் என்ற மூன்று பகுதிகளாய்ப் பெருமூளைக்கும் தண்டுவடத்திற்கும் நடுவே நிற்கும் அச்சிறு தண்டில்தான் விழிப்பைத் தாங்கும் நரம்பு வலையும் சுவாசத்தை நடத்தும் கேந்திரமும் அடங்கியிருக்கின்றன. பன்னிரண்டு ஜோடிக் கபால நரம்புகளில், முகர்தலுக்கும் பார்வைக்கும் உரிய முதலிரண்டு நீங்கலாக, ஏறக்குறைய மற்ற யாவும் இதிலிருந்தே புறப்படுகின்றன. ஆகையால் வைத்தியர் அந்நரம்புகளின் வழியாகவே தண்டினிடம் விசாரிக்கிறார். கண்ணில் விளக்கொளி காட்டுகிறார்: இரண்டாம் நரம்பு கொண்டுபோகும் செய்திக்கு மூன்றாம் நரம்பு பாவையைச் சுருக்கி விடைதர வேண்டும். கருவிழியைப் பஞ்சால் தொடுகிறார்: ஐந்தாவது உணர, ஏழாவது இமையை மூட வேண்டும். காதில் குளிர்ந்த நீர் விடுகிறார், தொண்டையைத் தீண்டுகிறார், மூச்சுக்குழாய்க்குள் குழல் செலுத்தி இருமல் எழுகிறதா என்று பார்க்கிறார். எதற்கும் விடை வராதபோது, பிராணவாயு உள்ளே சென்றுகொண்டிருக்கும்படி செய்து வென்டிலேட்டரைப் பிரித்து, கரியமிலவாயு ரத்தத்தில் ஏற ஏற முகுளம் ஒரே ஒரு மூச்சையேனும் எழுப்புகிறதா என்று காத்திருக்கிறார். நம் தேசத்தின் 1994-ஆம் வருஷச் சட்டப்படி நான்கு வைத்தியர்கள் சேர்ந்து, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை இவ்விசாரணையை நடத்த வேண்டும். நெஞ்சு துடிப்பதற்குக் காரணம், ஹிருதயம் தன் தாளத்தைத் தானே எழுப்பிக்கொள்ளும் உறுப்பாயிருப்பதே. பிராணவாயு வந்துகொண்டிருக்கும் வரை மூளையின் ஏவலின்றியே சில காலம் அது துடிக்கும்.

இவ்வளவு சொல்லியும் தாயின் கேள்வி தீர்வதில்லை. அவள் கேட்டது நரம்புகளைப் பற்றியல்ல. இந்தச் சரீரம் இன்னும் தன் பிள்ளையுடையதா என்பதைப் பற்றி. இங்கேதான் ஸ்ரீபெரும்புதூர் மகான் எனக்குத் துணை வருகிறார். ஸ்ரீபாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் அவர் சரீரத்திற்கு இலக்கணம் வகுக்கையில் கை, கால், ரத்தம், சூடு எதையும் சொல்லவில்லை. எந்தத் திரவியத்தை ஒரு சேதனன், அதாவது அறிவுள்ள ஆத்மா, தன்பொருட்டு முழுவதும் தாங்கவும் நியமிக்கவும் வல்லவனோ, எது அவனுக்குச் சேஷமாய், அதாவது அவனுக்கே உரியதாய் அடங்கியிருப்பதையே இயல்பாகக் கொண்டதோ, அது அவன் சரீரம் என்கிறார். அப்படியானால் வாதத்தால் முடங்கி ஏவலுக்கு அசையாத உடல் சரீரமாகாதோ என்ற ஆட்சேபத்தையும் தாமே எடுத்துக்கொண்டு, அங்கே நியமிக்கும் சக்தி இருக்கவே இருக்கிறது, தடைபட்டு நிற்கிறது, தடையால் சூடு தோன்றாத நெருப்பைப்போல என்று விடையளிக்கிறார். பான்ஸின் முன்பகுதி மட்டும் சிதைந்து, கண்ணை மேலும் கீழும் அசைப்பதும் இமைப்பதும் தவிர யாதொன்றும் செய்ய இயலாமல், ஆயினும் எல்லாம் கேட்டு எல்லாம் நினைத்துக் கிடக்கும் நோயாளியைக் குறித்து இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. அவன் முழுதாய் அங்கே இருக்கிறான், தடைபட்டிருக்கிறான். மூளைத்தண்டு முழுவதும் மாண்டவனிடமோ, விலக்குவதற்குத் தடையொன்றும் இல்லை. விழிப்பின் ஊற்றே வற்றிப்போயிற்று.

ஆனால் ஓர் இடறல் இருக்கிறது, அதை மறைக்கலாகாது. சேதனன் பிரிந்த க்ஷணத்திலேயே உடல் சிதையத் தொடங்குகிறது என்றும் ராமானுஜர் சொல்கிறார். வென்டிலேட்டரில் கிடக்கும் உடலோ கண்ணெதிரே சிதைவதில்லை. யந்திரமும் மருந்தும் அச்சிதைவைத் தாமதிக்கச் செய்கின்றன என்பதும், அங்கே நடக்கும் தாங்குதல் இரவல் தாங்குதல் என்பதும் என் சமாதானம். யந்திரத்தால் சுவாசிக்கும் வேறு நோயாளிகள் உயிரோடிருக்கிறார்களே என்றால், அவர்களிடத்தில் தாங்குதல் இரவலாயினும் அதை அனுபவிக்கும் ஒருவன் இருக்கிறான். ஆத்மா எந்த நிமிஷத்தில் புறப்பட்டது என்று எந்தக் கருவியும் காட்டாது; இவ்வுடல் இனி ஒருவருக்கும் சேஷமல்ல என்பதையே வைத்தியரின் பரிசோதனைகள் காட்டுகின்றன.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தருகே விபத்துக்குள்ளான பதினைந்து வயது ஹிதேந்திரனின் பெற்றோர் இருவரும் வைத்தியர்கள். நரம்பு சாஸ்திரம் அறிந்தவர்களாயினும் பெற்றவர்கள் பெற்றவர்களே; ஆயினும் மூளைச்சாவடைந்த மகனின் உறுப்புகளைத் தானம் தந்தார்கள். சென்னைப் போக்குவரத்தை நிறுத்தி அவன் ஹிருதயம் முகப்பேருக்குப் பதினொரு நிமிஷத்தில் கொண்டுபோகப்பட்டு ஒரு சிறுமியின் மார்பில் துடித்தது. அவ்வருஷமே அரசாங்கத்தின் உறுப்பு தானத் திட்டம் தொடங்கிற்று. 2023 செப்டம்பரில், தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்ற அறிவிப்பும் வந்தது.

மரியாதையெல்லாம் முடிந்தபின் புரோகிதர் திதி கேட்பார். இரண்டாம் பரிசோதனை முடிந்தது ஒரு நாளாகவும், ஹிருதயம் எடுக்கப்பட்டது மறுநாளாகவும் இருக்கக்கூடும்; சிராத்தத்திற்கு எதைக் கொள்வது? என்னைக் கேட்டால் பரிசோதனை முடிந்த நாளையே சொல்வேன். ஆயினும் அந்தத் தாய், அவன் நெஞ்சு என்னைவிட்டுப் போன நாளையே வைத்துக்கொள்கிறேன் என்றால், அவளுடன் வாதம் செய்ய மாட்டேன்.