கடமையைக் கைமாற்ற இயலுமா?

தன்மேல் விழுந்த கடமையைப் பணம் கொடுத்துப் பிறர் தோளில் ஏற்றிவிடலாமா என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் எளியோருக்கான வீட்டுத்தேவையை ஊர்களுக்குப் பங்கிட முற்பட்டபோது அவ்வினா சட்டத்தின் வடிவில் எழுந்தது. எந்த மனையில் எவ்வகைக் கட்டடம் எழலாம் என வகுக்கும் நிலப்பயன்பாட்டு விதிகளைக் கொண்டு மவுன்ட் லாரல் என்னும் ஊர் ஏழைகள் குடியேற இயலாதபடி செய்தது செல்லாது என்று 1975இல் தீர்ப்பளித்த அம்மாநில உச்ச நீதிமன்றம், வளரும் ஊர் ஒவ்வொன்றும் தன் வட்டாரத் தேவையில் நியாயமான பங்கை ஏற்கவேண்டும் என்றும் உரைத்தது. 2024ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 6 வட்டாரங்களில் ஒவ்வொன்றுக்கும் கணிக்கப்படும் வருங்காலத் தேவை, வணிகச் சொத்து மதிப்பின் வளர்ச்சி, குடும்ப வருவாய், கட்டுதற்குரிய நிலம் ஆகிய மூன்றின் சராசரியைக் கொண்டு ஊர்களுக்குப் பகிரப்படுகிறது. வட்டார இடைநிலை வருவாயில் 80 விழுக்காட்டுக்கு மேற்படாத வருவாயுடையோரே இவ்வீடுகளுக்கு உரியோர்.

ஆயினும் 1985ஆம் ஆண்டுச் சட்டம், ஓர் ஊர் தன் பங்கில் பாதிவரை அதே வட்டாரத்தின் மற்றோர் ஊருக்குப் பணத்துடன் ஒப்படைக்க இடமளித்தது. இதற்கு ஆதரவான வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. மிகப் பலருக்கு மிகுந்த நன்மை விளைவிப்பதே நற்செயல் எனக் கொள்ளும் பயன்வழிவாதத்தின்படி, நிலவிலை ஏறிய புறநகரில் சில வீடுகளைக் கட்டுவதைவிட, நுவார்க் போன்ற பழைய நகரில் சிதைந்த குடியிருப்புகள் பலவற்றைச் செப்பனிடுவதே மேலாகும்.

இவ்வாதத்துக்கு எதிர்நிலையில் யூத அறநெறி நிற்கிறது. வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் அயலானுக்கும் விடவேண்டும் என்னும் விவிலிய விதியை விரித்துரைக்கும் மிஷ்னா, அதாவது கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூத சட்டத் தொகுப்பு, அவ்வோரம் அறுபதில் ஒரு பங்குக்குக் குறையலாகாது என்பதோடு, ஒரு வயலின் ஓரம் மற்றொரு வயலின் கடனைத் தீர்க்காது என்றும் கொள்கிறது. விளைச்சலை உடையவன் அளந்து கொடுப்பதில்லை. பொதுவாக ஏழையே வயலுக்குள் வந்து அறுத்துக்கொள்கிறான். தானியம் சேர்வதோடு இக்கடமை முடிவதில்லை; வேலிக்குள் நுழையும் உரிமையும் அதன் உட்கூறாகும்.

வீட்டுத்தேவையிலும் கூரை, இடம் என்னும் இரு கூறுகள் உள்ளன. கூரையைப் பணத்தால் வேறிடத்தில் எழுப்பலாம். புறநகரின் பள்ளியும் வேலைவாய்ப்பும் அங்கே குடியிருப்பவருக்கே எட்டுகின்றன. மேலும், விதியால் வாயிலை அடைத்தது குறிப்பிட்ட ஓர் ஊராயிருக்க, அக்குற்றத்துக்கு ஈடாக அடைக்காத ஊர் ஆட்களை ஏற்பது எவ்வகையில் பரிகாரமாகும்? ஒப்படைக்கும் அவ்வழியை மாநிலம் 2008இல் ஒழித்தது. எனினும் பழைய நகரங்களின் இடிந்த வீடுகள் செப்பனிடப்பட வேண்டியவையே. அது செல்வ வளமுள்ள ஊர்கள் தனியே ஏற்கவேண்டிய கடன்; ஒரு கடனைச் செலுத்தியதற்கான சீட்டைக் காட்டி மற்றொன்றைத் தள்ளுபடி செய்துகொள்ள அறம் இடம் தராது.