பனிமலைப் பந்தயமும் துணையறமும்

பனிச்சறுக்கு மலையேற்றப் பந்தயங்களுள் இருவரோ மூவரோ ஓரணியாய்ச் சேர்ந்து பங்குபற்றுவனவும் உள. அவற்றுக்குரிய விதி ஒன்று சிந்தனைக்குரியது. முதலில் வருபவரைக் கொண்டு அணியின் நேரம் கணிக்கப்படுவதில்லை. இறுதியில் வருபவர் கோட்டைக் கடக்கும் கணமே அணி முழுவதற்குமுரிய நேரமாகும். முன்னவர் பத்து நிமிடம் முந்தி வந்து நின்றாலும் அப்பத்து நிமிடமும் அவருக்கு இல்லாதனவே. விதிநூலில் ஒரு சிறு வாக்கியமாய் அடங்கிவிடும் இவ்வேற்பாடு அறவியலின் நடுவே கொண்டுபோய் விடவல்லது. வல்லார் மெல்லியார்க்கு எவ்வளவு கடமைப்பட்டவர் என்பது பழைய வினா. அதற்கு விடைகளும் பலவுண்டு. மெல்லியார் வல்லார்க்கு எவ்வகையிற் கடமைப்பட்டவர் என்ற வினாவோ அத்துணை கேட்கப்பட்டதில்லை. ஈண்டு ஆராயப்படுவது பெரிதும் இந்த இரண்டாவது வினாவேயாகும்.

பனியைப் படத்திலன்றிக் காணாத நாட்டவர்க்கு இவ்விளையாட்டின் இயல்பைச் சற்று விளக்குதல் வேண்டும். சறுக்குப்பலகையின் அடியில், மயிர் ஒருபுறமாய்ச் சாய்ந்த பட்டை ஒன்று ஒட்டப்படும். முற்காலத்தில் அது கடல்நாயின் தோல். இக்காலத்தில் ஆட்டுமயிரும் நைலோனும் சேர்ந்த துணி. மயிர் சாய்ந்திருத்தலால் பலகை முன்னோக்கி நழுவும், பின்னோக்கி நழுவாது. குதிகால் கட்டின்றி எழுந்து விழ, ஏறுபவர் மலைச்சரிவில் நடந்தே மேலேறுவார். சரிவு செங்குத்தாகுமிடத்துப் பலகைகளை முதுகிற் செருகிக்கொண்டு, காலணியில் இரும்பு முட்களைப் பூட்டி ஏறுவார். உச்சியில் பட்டையை உரித்து மடித்து, குதிகாலைப் பலகையோடு பிணைத்துக் கீழே பாய்வார். அடிவாரம் சேர்ந்ததும் மறுபடியும் பட்டை, மறுபடியும் ஏற்றம். பயின்றவர் இம்மாற்றத்தை ஒரு நிமிடத்துள் முடிப்பர். விரல் மரத்துப்போனவருக்கோ அதுவே பெரும்பாடாகிவிடும்.

அல்ப்ஸ் மலைநாட்டுக் கிராமங்களில் குளிர்காலத்து வாரவிறுதிகளில் நடைபெறும் இத்தகைய பந்தயங்களிற் கலந்துகொள்வோருட் பெரும்பாலோர் விளையாட்டையே தொழிலாகக் கொண்டவரல்லர். ஆசிரியர், தச்சர், தாதியர், எழுதுவினைஞர் போன்றோரே அவர். வெள்ளி மாலை வேலை முடித்து மலையடிவாரம் சேர்வர். சனி விடியுமுன் புறப்பாட்டுக் கோட்டில் நிற்பர். பகல் ஏற ஏற வெயிலிற் பனி இளகும். இளகிய பனி சரியும். ஆதலாற்றான் இவ்வளவு முந்திய புறப்பாடு. இருநாட் பந்தயமாயின் ஞாயிறும் அவ்வாறே. திங்கட்கிழமை அவரவர் தத்தம் மேசைக்கும் பட்டறைக்கும் திரும்புவர்.

இத்துணை இடரை வலிந்து தேடுவானேன் என்று கேட்பவருக்குப் பேர்னாட் சூற்ஸ் என்னும் மெய்யியலாளர் 1978 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘வெட்டுக்கிளி’ என்னும் பொருள்படும் பெயர்கொண்ட நூலில் ஒரு விடையுண்டு. தேவையற்ற தடைகளை மனமுவந்து ஏற்றுக் கடக்க முயல்வதே விளையாட்டு என்பது அவர் கருத்து. மலையுச்சிக்குக் கம்பிவழி ஊர்தி இருப்பினும் அதைத் தவிர்த்து ஏறுவோர் செயல் இவ்விலக்கணத்துக்கு நன்கு பொருந்தும். எனினும் இங்கே இலக்கணம் ஓரிடத்தில் நெகிழ்கின்றது. தடை தேவையற்றதாயினும் அதிலுள்ள ஆபத்து பாவனையன்று. சதுரங்கத்திற் காய் வீழ்ந்தால் அது மீளவும் பலகையில் வைக்கப்படும். பனியாற்றின் பிளவில் வீழ்ந்தவர் நிலை அத்தகையதன்று.

இதற்கு வரலாறே சான்று. 1924 ஆம் ஆண்டு சமொனியில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டிலேயே நால்வர் கொண்ட இராணுவ அணிகள் துப்பாக்கியுடன் சறுக்கிச் சென்ற போட்டி இடம்பெற்றது. இத்தாலியில், 1931 ஆம் ஆண்டு பனிச்சரிவில் இறந்த ஒத்தோரினோ மெத்சலாமா என்பவரின் நினைவாக 1933 இல் தொடங்கிய பந்தயத்தில் மூவர் கயிற்றாற் பிணைக்கப்பட்டு, 4,000 மீற்றருக்கு மேற்பட்ட முகடுகளைக் கடப்பர். சுவிற்சர்லாந்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தே, மலைப்படையினரின் திறனைச் சோதிக்கும் பொருட்டு, செர்மற் முதல் வேர்பியே வரையிலான ‘பனியாற்று ரோந்து’ என்னும் பந்தயம் 1943 இல் முதன்முறையாக நடாத்தப்பட்டது. அதன் வழி 50 கிலோமீற்றருக்கு மேல் நீள்வது. ஏற்றம் மாத்திரம் ஏறத்தாழ 4,000 மீற்றர். 1949 ஆம் ஆண்டுப் பந்தயத்தில் மூவர் கொண்ட அணியொன்று மொன் மினே பனியாற்றின் பிளவுள் வீழ்ந்தது, மூவரும் மாண்டனர். அரசு பந்தயத்தைத் தடைசெய்தது. 1984 இலேயே அது மீண்டும் தொடங்கிற்று. முப்பத்தைந்து ஆண்டுத் தடைக்குப் பின்னரும் மூவரணி என்னும் அமைப்பு கைவிடப்படவில்லை.

அணியாகச் செல்லவேண்டும் என்ற ஏற்பாடு வெறும் தோழமை உணர்ச்சியாற் பிறந்ததன்று. பனிச்சரிவிற் புதையுண்டவர் முதற் பத்துப் பதினைந்து நிமிடங்களுள் தோண்டி எடுக்கப்பட்டாற் பிழைக்கும் வாய்ப்புப் பெரிது. அதன்பின் அவ்வாய்ப்பு விரைந்து குன்றும். ஹெலிகொப்ரர் அதற்குள் வந்து சேர்தல் அரிது. ஆகவே ஒருவரின் உயிர் பெரும்பாலும் அப்போது அருகில் நிற்பவர் கையிலேயே உள்ளது. உடலோடணியும் சமிக்ஞைக் கருவி, சிறு சவள், துழாவுகோல் என்பவற்றை ஒவ்வொருவரும் சுமந்தே ஆகவேண்டும் என இத்தகைய பந்தயங்கள் விதிப்பது இதனாலேயே. அவை சுமப்பவரைக் காக்கும் கருவிகள் என்பதினும் துணைவரைக் காக்கும் கருவிகள் என்பதே பொருந்தும். ஒருவர் தம் சவளாற் தம்மைத் தோண்டிக்கொள்ள இயலாது.

இனி விதியின்பாற் திரும்பலாம். வல்லவர் நின்று காத்திருக்கிறார். அது அறச்செயலா? கான்ற் இதனை எளிதில் ஒப்பார். 1785 இல் வெளிவந்த தம் நூலில், வாடிக்கையாளரை ஏமாற்றாத கடைக்காரர் ஒருவரை அவர் எடுத்துக்காட்டுவார். நேர்மையே இலாபம் தருவது என்று கருதி நேர்மையாய் நடப்பவரது செயல் கடமைக்கு இயைந்ததே. கடமையின் பொருட்டு எழுந்ததன்று. அவ்வாறே, காத்திராவிடின் நேரம் கணிக்கப்படாது என்பதற்காகக் காத்திருப்பவரிடம் அறமென்று போற்ற யாதுமில்லை. அரிஸ்ரோட்டிலின் வழி நோக்குவார்க்குக் காட்சி வேறு. நீதியான செயல்களைச் செய்து செய்தே ஒருவர் நீதியுடையவராகிறார் என்பது அவர் கொள்கை. பத்துக் குளிர்காலம் விதியின் பொருட்டு நின்றவர் பதினோராவது குளிர்காலத்தில் விதியை நினையாமலே திரும்பிப் பார்ப்பார். இவ்விரண்டனுள் பின்னதே மனித இயல்புக்கு அணித்தாய்த் தோன்றுகின்றது. எவ்வாறாயினும் இருவருமே வல்லவரையே நோக்கினர். காத்திருக்க வைப்பவரை நோக்கினாரல்லர்.

ஓரிணையைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவர் வலியவர், மற்றவர் அவரோடு ஒப்பிடச் சற்றுக் குறைந்தவர். சனிக்கிழமை இறுதி இறக்கத்திற் குறைந்தவரின் முழங்கால் பிறழ்ந்து நோகத் தொடங்குகின்றது. இரவு விடுதியில் உணவு மேசையில் அவர் அதைப்பற்றி மூச்சுவிடவில்லை. கூட இருப்பவர் ஓராண்டாய்ப் பயிற்சி செய்தவர். விடுமுறையை இதற்கென ஒதுக்கியவர். தம்மைத் துணையாய்த் தேர்ந்தவர். அவர் முகத்துக்கு நேரே எவ்வாறு சொல்வது? ஞாயிறு காலை இரண்டாம் கணவாயில் கால் மறுத்துவிடுகின்றது. முன்னே சென்றவர் முகட்டில் நின்று காத்திருக்கிறார். அவர் அணிந்திருப்பது ஓடும் உடலுக்கென அளந்த மெல்லிய ஆடை. அதுவும் வியர்வையில் நனைந்தது. அசைவு நின்றதும் உடற்சூடு இறங்குகின்றது. கால் மணி நேரத்தில் நடுக்கம் காண்கின்றது. இருவருள் இப்போது பெரிய ஆபத்தில் இருப்பவர் யார் என்று துணிதல் எளிதன்று.

இவ்விடத்தில் விதி முற்றாகக் காக்கப்பட்டுள்ளது. வல்லவர் தம் கடமையைச் செய்தார். பிழை நேர்ந்தது முந்திய இரவில். குறைந்தவர் தம் நோவை மறைத்ததால், தம் இடரைத் துணைவரின் அறிவுக்கு அப்பால் வைத்தே அவர் தோள்மீது ஏற்றிவிட்டார். மலைக்கு வருவோர் ஆபத்துக்கு உடன்பட்டே வருகின்றனர் என்பது உண்மை. ஆயின் அறியாத ஆபத்துக்கு எவரும் உடன்பட இயலாது. அம்மௌனம் பணிவுபோற் தோன்றினும், துணைவரிடமிருந்து தீர்மானிக்கும் உரிமையைப் பறித்துக்கொண்டது என்பதே சரி. திருக்குறளின் ‘வலியறிதல்’ அதிகாரம் செயலின் வலிமையோடும் தன் வலிமையோடும் துணையின் வலிமையையும் எடைபோடுமாறு ஆள்பவர்க்கு அறிவுறுத்துவது யாவரும் அறிந்ததே. துணையே தன் வலிமையை மறைத்துவிடின் நிறுப்பவர் கையிலுள்ள தராசினாற் பயன் யாது?

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. மலையேறுவோர் யாவரும் அறிந்தவாறு, களைப்பு பொய் சொல்லும். இனி ஓரடியும் இயலாது என்று தோன்றியவருக்கு அரைமணி கழித்து, ஒரு மிடறு இனிப்பு நீரின் பின், இயல்கின்றது. ஒவ்வொரு நோவுக்கும் ‘என்னால் இயலாது’ என்று அறிவிப்பவர் துணைவரின் ஓராண்டு உழைப்பை வீணே அழித்தவராவார். தமக்கே நிச்சயமில்லாத ஒன்றை அவர் எங்ஙனம் உண்மையென உரைப்பது? மறுப்பு நேர்மையானதே. எனினும் இது இருவேறு பொருள்களை ஒன்றாக்கிக் குழப்புகின்றது. குறைந்தவர் வழங்கவேண்டியது தீர்ப்பன்று, சாட்சியம். ‘முழங்கால் நோகின்றது, வளையும்போது அதிகம் நோகின்றது, இரண்டு மணி நேரமாய் ஒன்றும் உண்ணவில்லை’ என்பன சாட்சியங்கள். போவதா மீள்வதா என்பது இருவரும் சேர்ந்து எழுதவேண்டிய தீர்ப்பு. சாட்சியைப் பூட்டி வைத்துவிட்டுத் தீர்ப்பைத் தாமே தனியாக எழுதிக்கொள்வதே மறைப்பவரின் குற்றம். தம்மைத் தாமே வலியவரென்றோ எளியவரென்றோ பிழையாய் மதிப்பது குற்றமாகாது.

பனிமலையில் அணியாகச் சென்ற கதையொன்று நம்மிடையும் உண்டு. மகாபாரத இறுதியிற் பாண்டவர் இமயம் நோக்கி நடக்கின்றனர். திரௌபதி வீழ்கிறாள், பின் சகாதேவன், நகுலன், அருச்சுனன், வீமன் என ஒருவர்பின் ஒருவராய் வீழ்கின்றனர். தருமன் திரும்பிப் பாராமற் செல்கின்றான். அவர் ஏன் வீழ்ந்தார் என்று வீமன் வினவும்போதெல்லாம் வீழ்ந்தவரின் குறையொன்றைக் காரணமாய்ச் சொல்கின்றான். இதே தருமன் சுவர்க்க வாயிலில், கூடவந்த நாயை விட்டு உள்ளே வர மறுக்கின்றான் என்பது கதையின் பெருவியப்பு. துறவின் இறுதி வழியைப் பந்தயத்தோடு ஒப்பிடுதல் முற்றும் தகாது. ஆயினும் ஒன்றைக் குறிப்பிடலாம். வீழ்ந்தோருள் எவரும் வீழுமுன் தம் தளர்ச்சியைச் சொன்னதாகக் கதையில் இல்லை. வீழ்ச்சியே முதற்சொல்லாய் இருந்தது. அதன்பின் எஞ்சியது தீர்ப்பு மாத்திரமே.

சொல்லாமைக்குக் காரணம் பெரும்பாலும் நாணம், சிலவேளை நன்றியுணர்வு. துணைவர் எவ்வளவு அன்புடையவரோ அவ்வளவு சொல்லுதல் கடினமாகிறது. கடுகடுத்த துணைவரிடம் ‘நோகின்றது’ என்று கூறிவிடலாம். முறுவலித்துக் காத்திருப்பவரிடம் நா எழுவதில்லை. ஆகவே வல்லவரின் கடமை காத்திருத்தலோடு முடிவதில்லை. தம் துணைவர் சொல்லக்கூடிய சூழலை ஆக்குதலும் அவரதே. ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டல் அதற்குப் போதாது. அவ்வினாவுக்கு ‘நன்று’ என்பதே உலக வழக்கிலுள்ள விடை. ‘எனக்கு விரல் மரத்துவிட்டது’ என்று அவர் தம் குறையை முதலிற் கூறுவாராயின் மற்றவரின் வாய் திறக்கும்.

இவ்விடத்தே மீள்கயிற்றைப் பற்றிச் சொல்லாமலிருத்தல் முறையன்று. அணிப் பந்தயங்கள் பலவற்றில், வலியவரின் இடுப்பிலிருந்து மற்றவரின் இடுப்புக்கு இறப்பர்போல் நெகிழும் கயிறொன்றைப் பூட்டி ஏற்றத்தில் இழுத்துச் செல்வது வழக்கம். வலிமையைப் பங்கிடும் உபாயம் அது. தளர்ந்தபின் நீட்டப்படும் கயிறு அவமானமாய்த் தோன்றக்கூடும். முதல் ஏற்றத்துக்கு முன்னரே, இருவரும் புதுவலிமையோடு நிற்கையில், இன்னின்ன இடத்திற் பூட்டுவோம் என்று பேசி வைத்த கயிறோ பலகையையும் பட்டையையும் போல உபகரணங்களுள் ஒன்றாகிவிடும். அன்றியும் கயிறு இறுகுவதும் தளர்வதும் முன்னே செல்பவரின் இடுப்புக்கு ஓயாது தெரிந்துகொண்டிருக்கும். நாணத்தால் நா சொல்லாததை அது சொல்லிவிடுகின்றது.

2026 ஆம் ஆண்டு பெப்ரவரியில், மிலானோ–கோர்த்தினா குளிர்கால ஒலிம்பிக்கில், பனிச்சறுக்கு மலையேற்றம் முதன்முறையாகப் பதக்கப் போட்டியாயிற்று. அங்கு நிகழ்ந்தவை மூன்று நிமிடமளவில் முடியும் தனியார் விரைவோட்டமும் ஆணும் பெண்ணும் மாறி மாறி ஓடும் அஞ்சலோட்டமுமே. அவற்றிலும் திறன் பெரிதே. ஆனால் முகட்டில் நின்று திரும்பிப் பார்க்கவேண்டிய தேவை அங்கு எவர்க்கும் இல்லை. படம்பிடிக்க எளிதானதை ஒலிம்பிக் எடுத்துக்கொண்டது. இரண்டு நாள் கூடிச் செல்லும் பந்தயத்தை மலைக்கிராமங்களுக்கே விட்டுவிட்டது. அதனால் அக்கிராமங்களுக்கு இழப்பொன்றும் இல்லை எனலாம்.

ஞாயிறு மாலை கிராமமண்டபத்தில் பெறுபேற்றுத் தாள் ஒட்டப்படும். முடித்த இணைகள் நேரவரிசைப்படி மேலே நிற்கும். முடியாதவை நேரமின்றி அடியில் ஒருங்கே கிடக்கும். பலகை முறிந்து நின்றவரும், நேரவரையறை தப்பியவரும், முழங்கால் கணவாயில் மடங்கியபின் மீட்புப்படையாற் கீழிறக்கப்பட்டவரும் அங்கேதான் இருப்பர். சனி இரவு உணவு மேசையில் ஒருவர் தம் நோவைச் சொல்ல, மற்றவர் செவிமடுக்க, ஞாயிறு விடியலில் புறப்படாதிருக்கத் துணிந்த இணையும் அவர்களோடு அத்தாளின் அடியிலேயே இருக்கும்.