பணம் கொடுப்பவர் யார்?



நாம் எழுத்தாளரல்லர். மதரஸாவில் ஓதியதும் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்ததுமே நம் படிப்பு. பினாங்கில் ஒரு மளிகைக் கடை வைத்து, காலை முதல் இரவு வரை தராசுக்குப் பின்னால் நிற்பது நம் பிழைப்பு. ஆயினும் ஒரு விஷயம் சில காலமாக நம் மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. வியாபாரிகளாகிய உங்கள் முன் வைத்தால்தான் அதன் சரியான எடை தெரியும் என்று எண்ணி எழுதத் துணிந்தோம்.

விஷயம் இதுதான். ஒருவர் வாங்குகிறார், ஒருவர் விற்கிறார், ஆனால் பணம் கொடுப்பவரோ மூன்றாமவர். இத்தகைய கொடுக்கல் வாங்கலில் நேர்மையைக் காக்க வேண்டிய பொறுப்பு யாருடையது?

நடந்ததைச் சொல்கிறோம். 2023-ஆம் ஆண்டில் ஒரு நாள் மிளகாய் மூட்டையைத் தூக்கியபோது நமது இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு வாரமாகியும் வலி தீரவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. அதைக் காட்டிலும் மலிவு உலகில் எங்குண்டு? ஆனால் வரிசை நீளம். கடையை அத்தனை நேரம் யாரிடம் விடுவது? கையில் தக்காபுல் மெடிக்கல் கார்டு இருக்கும்போது காத்திருப்பானேன் என்று தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குச் சென்றோம்.

அங்கே முகப்பில் கேட்ட முதற்கேள்வி, 'எங்கே வலிக்கிறது?' என்பதன்று, 'கார்டு இருக்கிறதா?' என்பதே. டாக்டர் பார்த்துவிட்டு, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தால் நல்லது என்றார். ஆனால் நமது கார்டோ, ஆஸ்பத்திரியில் படுத்து வைத்தியம் செய்துகொண்டால்தான் கொடுக்கும். வந்து பார்த்துவிட்டுப் போனால் கொடுக்காது. "இரண்டு ராத்திரி படுத்துக்கொள்ளுங்கள் பாய், எல்லாவற்றையும் கார்டே கட்டிவிடும்," என்றார் முகப்பில் இருந்த பெண். கூட வந்த மைத்துனரும், "ஆமாம் மச்சான், இத்தனை வருஷம் கட்டியிருக்கிறீர்களே, ஒரு தடவையாவது எடுக்க வேண்டாமா?" என்றார். நாமும் தலையை ஆட்டினோம்.

நடந்து வந்த மனிதர் நோயாளியாகிக் கட்டிலில் படுத்தோம். உத்தரவாதக் கடிதம் வந்துசேர மூன்று மணி நேரம். புறப்படும் நாளன்றும் காலை ஒன்பது மணிக்கே டாக்டர் போகலாம் என்று சொல்லிவிட்டார். கடைசிக் கடிதம் வந்ததோ பிற்பகல் மூன்று மணிக்கு. பில்லை வாங்கிப் பார்த்தால் 5,240 வெள்ளி. அதில் 'மருத்துவச் சாமான்கள்' என்று ஒரே வரியில் 386 வெள்ளி. என்ன சாமான், எத்தனை, ஒன்று என்ன விலை என்று எதுவும் இல்லை. கேட்டோம். "அதைக் கார்டு கட்டுகிறது பாய், நீங்கள் ஏன் கவலைப்படுகிறீர்கள்?" என்று பதில் வந்தது. நாமும் கையெழுத்திட்டு வந்துவிட்டோம்.

பிறகுதான் தெரிந்தது. பக்கத்துத் தெரு நண்பர் ஒருவருக்குக் கார்டு இல்லை. அவர் அதே ஆஸ்பத்திரிக்குப் போய், விலை கேட்டு, அதே ஸ்கேனை ரொக்கம் கொடுத்து எடுத்துக்கொண்டு, அன்றைக்கே கடைக்குத் திரும்பியிருக்கிறார். அவருக்கான செலவு ஆயிரம் வெள்ளிக்குச் சற்று மேல்.

சகோதரர்களே, நமது கடையில் இப்படி நடக்குமானால் நம்மை என்னவென்று சொல்வார்கள்? சொந்தப் பணத்தில் வாங்குகிறவருக்கு ஒரு பட்டியல், கம்பெனிக் கணக்கில் வாங்குகிறவருக்கு வேறொரு பட்டியல் என்று எழுதினால் ஊர் சிரிக்காதா? நம் அலமாரியில் ஒரு வெங்காயக் கூடைக்கு விலைச் சீட்டு இல்லாவிட்டால் அமலாக்க அதிகாரி அபராதம் எழுதிவிடுவார். தனியார் ஆஸ்பத்திரிகளிலோ டாக்டர்களின் கட்டணத்துக்குத்தான் 2006-ஆம் ஆண்டு விதிகளில் வரம்புண்டு. மருந்துக்கும் பஞ்சுக்கும் கையுறைக்கும் அத்தகைய வரம்பு இல்லை. ஒரு பக்கத்தை இறுக்கினால் மறுபக்கம் வீங்கும் என்பதை மூட்டை கட்டிப் பழகிய நாம் அறியமாட்டோமா?

2025 மே முதல் தேதியிலிருந்துதான் தனியார் கிளினிக்குகளும் ஆஸ்பத்திரிகளும் மருந்துக் கடைகளும் மருந்தின் விலையைக் காட்டி வைக்க வேண்டுமென்று சட்டம் வந்தது. அந்த மாதமே டாக்டர்கள் புத்ராஜெயாவில் திரண்டு, கடைகளுக்குரிய சட்டத்தை எங்கள் மீது சுமத்தலாமா என்று மனுக் கொடுத்தார்கள். அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. சிறு கிளினிக் டாக்டரின் ஆலோசனைக் கட்டணம் பத்து வெள்ளி முதல் முப்பத்தைந்து வெள்ளி வரை என்று பல்லாண்டுகளாக மாறாமல் கிடந்தது. உழைப்புக்குரிய கூலியை நேராகக் கேட்க முடியாதவர் அதை மருந்தின் விலைக்குள் ஒளித்து வாங்கப் பார்ப்பார். ஒளித்து வாங்குவது தவறுதான்; ஒளிக்க வைப்பதும் தவறுதான். ஆனால் கடைக்குரிய சட்டம் என்று சொன்னார்களே, அது மட்டும் நமக்குச் சற்று வலித்தது. விலையைத் திறந்து சொல்வது இழிவான காரியமா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, அதை ஜனங்கள் காணும்படி மேலே வைக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவத்தை நாம் அனைவரும் மதரஸாவில் ஓதியிருக்கிறோம். அந்த 386 வெள்ளி வரிக்குள் கைவிட்டுப் பார்த்தால் எத்தனை ஈரம் இருக்குமோ, அல்லாஹ்வே அறிவான்.

நிற்க. இதுவரை ஆஸ்பத்திரியைக் குறை சொன்னோம். அது எளிது. இனி நம் பக்கம் வருவோம்.

நம் நாட்டில் 1972-இல் ஆயுள் காப்புறுதி மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்று ஃபத்வா கூறப்பட்டதும், பின்னர் 1984-இல் தக்காபுல் சட்டம் இயற்றப்பட்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தக்காபுலின் அடிப்படை என்ன? நாம் செலுத்தும் சந்தாவில் நிர்வாகக் கூலி போக ஒரு பங்கு, தபர்ருஉ என்னும் நன்கொடையாக ஒரு பொது நிதிக்குப் போகிறது. நம்மில் யாருக்கு நோய் வந்தாலும் அந்த நிதியிலிருந்து உதவலாம் என்று ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் வாக்கு அது. ஆகவே அந்தப் பணம் கம்பெனியின் பணமும் அன்று, கார்டின் பணமும் அன்று. கார்டு என்பது வெறும் பிளாஸ்டிக் அட்டை. அது எங்கேயாவது சம்பாதிக்குமா?

பள்ளிவாசலில் நாம் கட்டும் கைராத் நிதியை எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு சிறு தொகை. ஒரு வீட்டில் மவுத்தாகிவிட்டால் கஃபன் துணியும் குழி வெட்டும் கூலியும் அதிலிருந்து கொடுக்கப்படுகின்றன. நிதி கொடுக்கிறதே என்று இரண்டு கஃபன் கேட்டவர் உண்டா? முப்பது வருஷமாகக் கட்டினோமே என்று பட்டுத் துணி கேட்டவர் உண்டா? ஏன் கேட்பதில்லை? நிதியைக் கட்டியவர்களின் முகம் நமக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை அவர்களோடு ஒரே ஸஃப்பில் நிற்க வேண்டும். தக்காபுல் நிதியிலோ முகம் தெரிவதில்லை. முகம் தெரியாத இடத்தில் வெட்கம் குறைந்துவிடுகிறது. இரண்டும் ஒரே அமானத்து. வித்தியாசம் முகம் ஒன்றே.

நமக்கு அந்த முகம் பிறகு தெரிந்தது. 2024-ஆம் ஆண்டின் இறுதியில், சந்தா உயர்கிறது என்று பல வீடுகளுக்குக் கடிதம் வந்தது. 2021 முதல் 2023 வரை மருத்துவச் செலவுக் கோரிக்கைகள் மொத்தம் 56 விழுக்காடு ஏறியதாகக் கூறப்பட்டது. கூக்குரல் எழவே அவ்வாண்டு டிசம்பரில் பேங்க் நெகாரா குறுக்கிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும் என்றும், அறுபது வயதும் அதற்கு மேலும் ஆகி மிகக் குறைந்த திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஓராண்டு உயர்வை நிறுத்திவைக்க வேண்டும் என்றும் அறிவித்தது. அதற்குள் நம் வரிசையில் பாத்திரக் கடை வைத்திருக்கும் பெரியவர், நாம் நானா என்று அழைப்பவர், கார்டை விட்டுவிட்டார்.

"எழுபதை நெருங்குகிறேன் தம்பி. கட்ட முடியவில்லை, நிறுத்திவிட்டேன். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட எடுத்ததில்லை. இனி நோய் வந்தால் அல்லாஹ் இருக்கிறான், பெரியாஸ்பத்திரி இருக்கிறது," என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

நாமும் அவரும் இருந்தது ஒரே கம்பெனியின் ஒரே திட்டம். நாம் இரண்டு ராத்திரி சும்மா படுத்துக் கிடந்த பணத்தில் அவர் கட்டிய காசும் இருந்தது. அவர் சந்தாவை ஏற்றியது நமது ஒரு ஸ்கேன் அல்ல என்பது உண்மைதான். ஆனால் அதைப்போன்ற பல்லாயிரம் ஸ்கேன்கள் சேர்ந்துதானே ஏற்றின? ஒவ்வொருவரும் ஒரு பிடி அள்ளினால் மூட்டை காலியாகும்போது, நான் அள்ளியது ஒரு பிடிதானே என்று எவர் தப்ப முடியும்?

இதற்குச் சிலர் இரண்டு மறுப்புகள் சொல்வார்கள்.

"நாங்கள் பத்து வருஷம் கட்டியிருக்கிறோம், எடுப்பது எங்கள் உரிமை" என்பது முதலாவது. நோய் வந்தால் எடுப்பது உரிமைதான். அதில் ஒரு காசும் கூச வேண்டாம். ஆனால் தபர்ருஉ என்று கொடுத்ததைச் சேமிப்புப் பணம் போலக் கணக்குப் பார்த்துத் திரும்ப எடுக்கப் பார்ப்பது கொடுத்த வார்த்தையை மாற்றுவதாகும். பத்து வருஷம் நோயின்றி இருந்தோமே, அதுவே நாம் அடைந்த லாபம் அன்றோ?

"ஆஸ்பத்திரிக்காரர் கூட்டி எழுதுகிறார், கம்பெனிக்காரர் கொடுக்காமல் இழுக்கிறார், நாம் மட்டும் யோக்கியமாக இருந்து என்ன பயன்?" என்பது இரண்டாவது. எதிர்க்கடைக்காரர் தராசில் காந்தம் வைத்தால் நாமும் வைப்போமா? மேலும் அந்தத் திட்டத்திலேயே ஒரு கோணல் இருக்கிறது. படுத்தால்தான் கொடுப்போம் என்ற விதியே நடக்கிறவரைப் படுக்கச் சொல்கிறது. அதைத் திருத்தும்படி நாம் உரத்துக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கோணல் விதி இருக்கிறது என்பதற்காக நாம் சொன்ன பொய் உண்மையாகிவிடாது. படுக்கத் தேவையில்லை என்பது நமக்குத் தெரியும், தெரிந்தே கையெழுத்திட்டோம்.

மனம் கேட்காமல் அந்தக் கம்பெனிக்குத் தொலைபேசியில் பேசினோம். இவ்வளவு தொகையை நிதிக்குத் திருப்பிக் கட்ட வேண்டும், வழி என்ன என்று கேட்டோம். எதிரில் பேசியவர் இரண்டு முறை கேட்டு, மூன்றாவது முறை தம் மேலதிகாரியைக் கேட்டுவிட்டு, "அதற்கு எங்களிடம் பாரம் இல்லை, ஐயா," என்றார். வாங்குவதற்கு ஆறு பாரம். திருப்பிக் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை! ஆலிம் ஒருவரிடம் கேட்டோம். முதலில் எழுத்து மூலம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், அதன் பிறகு பேசுவோம் என்றார். எழுதியிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை. நமது பேரேட்டில் அந்தக் கணக்கு தீராமல் நிற்கிறது. கொடுக்க வேண்டிய கடனோடு மவுத்தாக நம்மில் யாரும் விரும்புவதில்லையே!

ஆதலின் நமக்குத் தோன்றிய மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

ஒன்று, கார்டு இருந்தாலும் இல்லாதவரைப் போலவே விலை கேளுங்கள். படுக்க வேண்டியது அவசியந்தானா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். இரண்டு, ஒவ்வொரு சாமானும் தனித்தனி வரியில் எழுதப்பட்ட பில்லைக் கேட்டு வாங்காமல் கையெழுத்திடாதீர்கள். வாங்கிய சரக்கைச் சீட்டோடு ஒத்துப் பார்க்காமல் எந்த வியாபாரி லாரியை அனுப்புவார்? மூன்று, நமது சங்கத்தில் பில் படிக்கத் தெரிந்த இளைஞர் இருவரை நியமித்து, நானாவைப் போன்ற முதியவர்களுக்குப் பாரம் எழுதவும், கம்பெனியோடு வாதாடவும், அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் துணைபோகவும் ஏற்பாடு செய்ய வேண்டும். சங்கம் என்ற பெயர் விருந்துக்கு மட்டும் உரியதன்று.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு நாம் கண்ட விடை இவ்வளவே. மூன்றாமவர் பணம் கொடுக்கும் வியாபாரத்தில் நேர்மையைக் காக்க வேண்டியவர்கள் மூவருமே. ஆனால் மற்ற இருவரின் கையை நாம் பிடிக்க முடியாது. நம் கையைப் பிடிக்க முடியும். பில்லில் கையெழுத்திடுவது அந்தக் கைதான்.

வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், நம் கணக்குகளுக்குத் தூய்மையையும் தந்தருள்வானாக. ஆமீன்.