பொதியும் பொறுப்பும்

ஒரு பொருளைப் பிறர் கையிற் கொடுத்த பின்னர், அப்பொருளால் விளைவதற்குக் கொடுத்தவன் எவ்வளவு தூரம் பொறுப்பாளியாவான்? நெல்லை விற்றவனிடம் இவ்வினாவை எவரும் கேட்பதில்லை. கத்தியை விற்றவனிடம் எப்போதாவது கேட்கிறோம். துப்பாக்கியை விற்றவனிடம் கேளாதிருத்தல் இயலாது. ஏனெனில், அப்பொருளின் பயன் இன்னதென்பது அதன் அமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

தனிமனிதன் ஒருவன் தன் கைத்துப்பாக்கியைத் தான் ஒருபோதும் கண்டறியாத மற்றொருவனுக்குப் பொதிகட்டி அனுப்புவது எங்ஙனம், அதற்கு எவ்வளவு செலவாகும் என்பதற்கெல்லாம் விரிவான விதிகளை வகுத்து வைத்திருக்கும் நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள். ஆயுதம் வைத்திருத்தலை அரசியலமைப்பிலேயே உரிமையாக எழுதிவைத்த நாடாதலால், மேற்கூறிய வினா அங்கே ஏட்டளவில் நின்றுவிடாமல் அன்றாடக் கொடுக்கல் வாங்கலிலே வந்து நிற்கிறது. அவ்விதிகள் எத்தகைய மனிதப் பொறுப்பைக் கற்பனை செய்கின்றன என்பதையே இங்கு ஆராய விரும்புகிறேன்.

ஆடைக்குள் மறைத்துக் கொண்டுசெல்லத்தக்க சுடுகலன்களை அரசாங்கத் தபாலில் அனுப்புவதை 1927ஆம் ஆண்டில் அந்நாட்டுக் காங்கிரஸ் தடைசெய்தது. தபாற் கந்தோரின் கதவு அடைக்கப்பட்டது. ஆனால் தனியார் பொதிச்சேவைகளைப் பற்றி அச்சட்டம் வாய் திறக்கவில்லை. வாசற்கதவைப் பூட்டிவிட்டு வேலியைத் திறந்து வைத்த கதைதான். முப்பத்தாறு ஆண்டுகளின் பின்னர் அதன் பலன் உலகறியத் தெரிந்தது. 1963ஆம் ஆண்டு தொடக்கத்தில் லீ ஹார்வி ஒஸ்வால்ட் என்பவன், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து நிறுவனமொன்றிலிருந்து 29.95 டொலர் விலையுள்ள சுழல்துப்பாக்கி ஒன்றைப் பொய்ப்பெயரில் வரவழைத்தான். 10 டொலர் முற்பணம், எஞ்சிய 19.95 டொலரும் 1.27 டொலர் அனுப்புகூலியும் பொதியைக் கையேற்கும்போது செலுத்த வேண்டியவை. தபாலில் வர முடியாத அக்கைத்துப்பாக்கி தனியார் பொதிச்சேவை மூலம் டல்லஸ் நகரை வந்தடைந்தது. நீண்ட துப்பாக்கிக்குத் தபாலிலும் தடையில்லையாதலால், 21.45 டொலருக்குச் சிக்காக்கோவிலிருந்து வாங்கிய றைபிள் தபாற்பெட்டி முகவரிக்கே வந்துவிட்டது. 1963 நவம்பர் 22ஆந் திகதி றைபிளால் ஜனாதிபதி கென்னடியும் சுழல்துப்பாக்கியால் ஒரு பொலிஸ் உத்தியோகத்தரும் கொல்லப்பட்டனர் என்பது வாரன் ஆணைக்குழுவின் முடிபு.

இவ்வரலாற்றில் என் சிந்தனையைக் கவர்ந்தது விலையன்று, கூலியுமன்று. சுழல்துப்பாக்கிக்கான கட்டளைப் படிவத்திலே, வாங்குபவன் அமெரிக்கப் பிரசை, பாரதூரமான குற்றம் புரிந்து தண்டனை பெறாதவன் எனச் சாட்சியொருவர் உறுதிசெய்யவேண்டிய இடமொன்று இருந்தது. அவ்விடத்திற் சாட்சியின் பெயரும் எழுதப்பட்டிருந்தது. அதை எழுதிய கை ஒஸ்வால்டின் கையே! நிறுவனத்துக்குப் படிவம் நிறைவுற்றது போதுமாயிருந்தது. பொதிச்சேவைக்குப் பணம் வந்தது போதுமாயிருந்தது. எவரும் சட்டத்தை மீறவில்லை. அவரவர் பங்கை அவரவர் செவ்வனே செய்து முடித்தனர்.

1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும் யூனில் றொபர்ட் கென்னடியும் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னரே, அவ்வாண்டு ஒக்ரோபர் 22ஆந் திகதி ஜனாதிபதி ஜோன்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற் கையொப்பமிட்டார். சட்டம் திருந்துவதற்கு மூன்று பெருமக்களின் குருதி வேண்டியிருந்தது. அச்சட்டத்தின் சாரம் இது: ஒரு மாநிலத்துத் தனிமனிதன் வேறொரு மாநிலத்துத் தனிமனிதனுக்கு நேரே துப்பாக்கியை ஒப்படைத்தலாகாது. பெறுபவன் வாழும் மாநிலத்தில் அனுமதிப்பத்திரம் பெற்ற வியாபாரி ஒருவருக்கே பொதி செல்லவேண்டும். பெறுபவன் அவ்வியாபாரியின் முன் நேரிற் சென்று, தன்னை இன்னான் என நிறுவி, படிவமொன்றை நிரப்பவேண்டும். 1998ஆம் ஆண்டு முதல் வியாபாரி சமஷ்டிப் புலனாய்வுத் துறையின் பதிவேட்டை உடனுக்குடன் வினவுகிறார். தடையில்லையெனப் பதில் வந்தால் ஆயுதம் கைமாறும். மரணசாதனத்தாலோ மரபுரிமையாலோ வரும் ஆயுதத்துக்கு இவ்விதியில் விலக்குண்டு. பேரனுக்குப் பாட்டன் விட்டுச்சென்ற துப்பாக்கியை வியாபாரி நடுவே நில்லாமலே ஒப்படைக்கலாம்.

செலவைப் பற்றியும் சொல்லவேண்டும். பெரிய தனியார் பொதிச்சேவைகள் துப்பாக்கிப் பொதியை அனுமதிப்பத்திரம் பெற்றோரிடமிருந்தன்றிப் பிறரிடமிருந்து இப்போது ஏற்பதில்லை. ஆகவே விற்பவன் தன் ஊர் வியாபாரி ஒருவரிடமே பொதியை ஒப்படைக்க நேர்கிறது. அவருக்கு ஒரு கட்டணம். பொதிக்கூலியும் காப்புறுதியும் வேறு. பெறும் முனையில் உள்ள வியாபாரிக்கும் ஒரு கட்டணம். பெரும்பாலும் அது 20 டொலருக்கும் 50 டொலருக்கும் இடைப்பட்டது. இவற்றோடு, பொதியினுள் இருப்பது துப்பாக்கியெனப் புறத்தே எழுதவேண்டுமென்று எந்தப் பொதிச்சேவையும் கேட்கலாகாது எனச் சட்டம் கூறுகிறது. எழுதினால் வழியிற் களவு போய்விடும். கண்ணாடிப் பாத்திரத்துக்குக் ‘கவனம்’ என்று எழுதுகிறோம். கைத்துப்பாக்கிக்கு ஒன்றும் எழுதாதிருப்பதே கவனம். 1927ஆம் ஆண்டின் தபால் தடையும் உரிமைக்கு முரணானதென்ற வாதம் அண்மையில் நீதிமன்றம்வரை சென்றிருக்கிறது.

இவ்விதிகளெல்லாம் எதற்காக? இவ்வினாவுக்குப் பழைய கிரேக்கத்தில் விடை தேடலாம். பிளேட்டோவின் ‘குடியரசு’ முதற் புத்தகத்திலே, நீதி என்பது உண்மை பேசுதலும் பெற்ற கடனைத் திருப்பிக் கொடுத்தலுமே என்ற கருத்தை முதியவர் கெபாலஸின் பேச்சிலிருந்து சோக்கிரதர் திரட்டி எடுக்கிறார். உடனே ஓர் ஐயமும் எழுப்புகிறார். நல்லறிவோடிருந்தபோது நண்பனொருவன் தன் ஆயுதங்களை நம்மிடம் வைத்துச் சென்றான், பின்னர் சித்தம் பேதலித்த நிலையில் வந்து அவற்றைக் கேட்கிறான், கொடுப்பது நீதியாகுமா? ஆகாது என்பதைக் கெபாலஸும் ஒப்புகிறார். ஆயுதம் அவனுடையதே, அதில் ஐயமில்லை. ஆயினும் சொத்துரிமை அவ்விடத்தில் விடையாகாது. கொடுப்பவன் கேட்பவனின் முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

இந்தக் கெபாலஸ் யார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சிராக்கூசிலிருந்து வந்து ஏதென்சிற் குடியேறிச் செல்வரானவர். அவருடைய குடும்பத்துக்குச் சொந்தமாகக் கேடயத் தொழிற்சாலையொன்று இருந்தது. முப்பதின்மர் கொடுங்கோலாட்சி அக்குடும்பத்தின் உடைமைகளைப் பறித்தபோது எழுநூறு கேடயங்களும் நூற்றிருபது அடிமைகளும் அவற்றுள் அடங்கியிருந்தனவென்று அவர் மகன் லீசியஸே நீதிமன்றப் பேச்சொன்றிற் கூறுகிறான். போர்க்கருவி வாணிபத்தால் வளர்ந்த வீட்டில் இருந்துகொண்டுதான் சோக்கிரதர் அவ்வினாவைக் கேட்டார். சிறிது பேசிய பின், வேள்வியைக் கவனிக்க வேண்டுமென்று சொல்லி முதியவர் எழுந்து சென்றுவிடுகிறார். வாதம் மற்றொரு மகனாகிய பொலமார்க்கஸின் தலையில் விழுகிறது. சரக்கை உண்டாக்குபவர் இத்தகைய உரையாடலில் நெடுநேரம் தங்குவதில்லை என்பது அன்றும் உண்மை போலும்.

சோக்கிரதரின் நண்பன் கண்முன் நிற்கிறான்; அவன் கண்ணிலேயே பித்தைக் காணலாம். பொதியில் ஆயுதம் அனுப்புபவனுக்கோ பெறுபவன் ஒரு பெயர், ஒரு முகவரி, ஒரு தொகை. முகம் இல்லை. இக்குறையை நிரப்பவே சட்டம் நடுவில் வியாபாரியை நிறுத்துகிறது. அவர் அனுப்புபவனுக்காக இரவல் கண்ணாக இருந்து பார்க்கவேண்டியவர். ஆனால் அவர் முன்னே இருப்பது படிவம். நீதிமன்றத்தாலோ அதிகாரசபையாலோ உளநலமற்றவரெனத் தீர்க்கப்பட்டவரா என்ற கேள்வி அதில் உண்டு. ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என அடையாளமிடவேண்டியவன் கேட்பவனே. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுப் பழைமையுள்ள வினா ஒரு சிறு கட்டமாகிச் சுருங்கிவிட்டது. படிவம் பொய்யானால் பதிவேடு காட்டிக்கொடுக்கும் என்பார்கள். மூன்று வேலைநாட்களுக்குள் பதிவேட்டிலிருந்து பதில் வராவிடின் விற்பனையை நடத்தலாம் என்பது சமஷ்டிச் சட்டம். 2015ஆம் ஆண்டில் சார்ள்ஸ்ரன் நகரத் தேவாலயத்தில் வழிபட வந்த கறுப்பினத்தவர் ஒன்பதின்மரைக் கொன்றவன் கையில் ஆயுதம் சேர்ந்தது அவ்வழியிலேதான்.

புறநானூற்றிலே, அதியமானின் தூதுவராகச் சென்ற ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்க்கிறார். நெய்பூசி அழகுபடுத்தி வைத்த வேல்களைக் கண்டே, அவை போர்க்களம் காணாதவை என்பதை உணர்ந்துகொள்கிறார். ஆயுதத்தைக் கண்டால் ஆளை அறியலாம் என்றிருந்த உலகம் அது. பண்டமாகிவிட்ட ஆயுதத்தில் ஆளின் அடையாளம் ஏதும் இல்லை. மனிதருக்கிடையிலான உறவு பொருள்களுக்கிடையிலான உறவாகத் தோன்றுவதை மார்க்ஸ் விளக்கினார். அவ்விளக்கத்துக்கு இவ்வெழுத்தற்ற பெட்டியினும் பொருத்தமான உதாரணத்தை நான் அறியேன்.

பொறுப்பு இவ்வாறு கூறுகூறாகப் பிரிந்தபின் எஞ்சுவது என்ன? 2019 ஓகஸ்ட் 31ஆந் திகதி ரெக்சாஸ் மாநிலத்தின் மிட்லண்ட், ஒடெசா நகர்களில் ஒருவன் ஏழு பேரைச் சுட்டுக்கொன்றான். 2014ஆம் ஆண்டில் கடையில் துப்பாக்கி வாங்க முயன்று, உளநலக் காரணத்தால் மறுக்கப்பட்டவன் அவன். பின்னர் தனிமனிதர் ஒருவரிடம் றைபிள் ஒன்றை வாங்கினான். ஒரே மாநிலத்துக்குள் தனிமனிதர் இருவருக்கிடையில் நடக்கும் விற்பனைக்குப் பதிவேட்டை வினவும்படி சமஷ்டிச் சட்டம் கோருவதில்லை. சில மாநிலங்கள் தாமே கோருகின்றன, ரெக்சாஸ் கோருவதில்லை. விற்றவருக்கு 2021இல் இரண்டாண்டுச் சிறை கிடைத்தது. எக்குற்றத்துக்கு? அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வியாபாரம் நடத்தியமைக்கும், வருமான வரி அறிக்கையிற் பொய் கூறியமைக்கும்! ஏழு உயிர்களுக்கும் அவருக்கும் உள்ள தொடர்பை எடுத்துரைக்கச் சட்டத்திடம் சொல் இல்லை. வரிக்கணக்கைப் பற்றிப் பேசத்தான் அதற்குத் தெரிந்திருந்தது.

விதிகளை இன்னும் இறுக்கிவிட்டால் போதும் என்று முடிவுகட்டிவிட நம்மவர்க்கு ஆசை வரலாம். அவ்வளவு எளிதன்று. 1956 சனவரியில் மொன்ற்கொமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டின்மீது குண்டு வீசப்பட்டது. அதன்பின் ஆயுதம் உடன்கொண்டு செல்ல அவர் அனுமதி கேட்டார், அதிகாரிகள் மறுத்தனர். அம்மறுப்பு உயிர்களின் மீதுள்ள அக்கறையால் எழுந்ததென்று எவர் நம்புவார்? 1967ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலம், குண்டேற்றிய துப்பாக்கியைப் பொதுவிடத்தில் ஏந்திச் செல்வதைத் தடைசெய்ததும், கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்தினர் பொலிசாரின் ரோந்தைத் துப்பாக்கியோடு பின்தொடரத் தொடங்கிய பின்னரே. யாருடைய கையைக் கட்டுவதென்பதை ஆளும் வர்க்கமே தீர்மானித்தது. கட்டணங்களும் அப்படியே. மாளிகைவாசி தன் சேகரிப்புக்கு இன்னொன்று சேர்க்கும்போதும், ஆபத்தான சேரியில் இரவுவேலைக்குச் செல்லும் பெண் தன் காப்புக்கு ஒன்று வாங்கும்போதும் வியாபாரியின் கட்டணம் ஒன்றே. அவனுக்கு அது தூசு; அவளுக்கு அது பல மணிநேர உழைப்பு. செலவை உயர்த்துவது ஆயுதத்தைக் குறைக்கும் என்போர், யாருடைய ஆயுதத்தை என்று சொல்வதில்லை. ஆனாலும் இதைக் காட்டி விதியே வேண்டாமென்று வாதிடுவோருடன் நான் உடன்படேன். அவர்கள் ஏழையின் பெயரால் பேசுவது ஆயுத முதலாளிக்காகவே.

வாதத்தில் இரு சாராரும் அதிகம் பேசாத செய்தி ஒன்றுண்டு. 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். அதாவது, பொதியைப் பிரித்தவனையே அப்பொதி கொல்வதுதான் அதிகம் நிகழ்கிறது. சோக்கிரதரின் உதாரணத்தில் நண்பன் யாருக்குத் தீங்கிழைப்பான் என்பது சொல்லப்படவில்லை. தனக்கே இழைப்பான் என்று கொண்டு படித்தாலும் பொருள் மாறாது. துயரத்தின் விளிம்பில் நிற்கும் இத்தகையோருட் பலர் எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை. அவர்களை முகம் பார்த்தே அறியவேண்டும்.

2009ஆம் ஆண்டில் நியூ ஹாம்சயர் மாநிலத்தில், ஒருவரையொருவர் அறியாத மூவர், ஒரு வாரத்துக்குட்பட்ட காலத்தில் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, வாங்கிய சில மணிநேரத்துக்குள் தற்கொலை செய்துகொண்டனர். மூன்று விற்பனைகளும் சட்டப்படி நடந்தவை. அதன் பின்னர் அங்குள்ள துப்பாக்கிக் கடைக்காரர் சிலரும் பொதுச் சுகாதாரத் துறையினரும் ஒருங்கே அமர்ந்து, தற்கொலை எண்ணத்தோடு வருபவரை எவ்வாறு இனங்காண்பது, எப்போது விற்பனையை மறுப்பது என்பதற்கான வழிகாட்டலைத் தயாரித்துக் கடைகளுக்குக் கொடுத்தனர். எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. மறுப்பதைச் சட்டம் தடுக்கவுமில்லை. தொலைவிலிருந்து வந்த பொதியைக் கையிற் கொடுக்கும் வியாபாரிக்கும் அதே சுதந்திரம் உண்டு. அவருக்கு அவ்விற்பனையில் இலாபமில்லை. சேர்வது இருபதோ ஐம்பதோ டொலர் கட்டணம் மட்டுமே. அனுப்பியவன் பல நூறு மைல்களுக்கு அப்பால் இருக்கிறான், படிவம் நிரப்பப்பட்டுவிட்டது, பதிவேடும் தடையில்லையென்று கூறிவிட்டது. மேசைக்கு மறுபுறத்தில் வாங்க வந்தவன் நிற்கிறான். அச்சங்கிலியில் அவனை நேருக்கு நேர் காண்பவர் இவர் ஒருவரே.